முதல் டி.எஸ்.எல்.ஆர். வாங்கப் போகிறீர்களா? மும்பை போரா பஜாருக்குப் போகும் முன் இதைப் படியுங்கள்

போன மாதம் செம்பூரிலிருந்து அக்கா மகன் வந்திருந்தான். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம் ஆகிறது. சேர்த்து வைத்த பணத்தில் டி.எஸ்.எல்.ஆர்., அதாவது லென்ஸைக் கழற்றி மாற்றக்கூடிய, உள்ளே கண்ணாடி வைத்த கேமரா வாங்க ஆசை. "மாமா, எத்தனை மெகாபிக்சல் வாங்கினா நல்லது?" என்று ஆரம்பித்தான். "அதை விடு, நீ எதைடா எடுக்கப் போற?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "எல்லாத்தையும்தான்" என்றான்.

முதல் கேமரா வாங்குகிறவர்கள் பெரும்பாலும் இந்தப் பதிலைத்தான் சொல்கிறார்கள். இதற்கு மட்டும் தெளிவான பதில் கிடைத்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக வழிக்கு வரும். பதில் இல்லாமல் கடையேறினால், கடைக்காரர் அன்றைக்கு எதை விற்க நினைக்கிறாரோ அதுதான் உங்கள் பைக்குள் வரும். அவனுக்குச் சொன்னதையே இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

மெகாபிக்சல் கேள்வியை முதலிலேயே முடித்துவிடலாம். கேனான் 1500டி, 200டி மார்க் 2, 80டி, நிக்கான் டி3500, டி5600, டி7200 என்று இந்த ஆறு கேமராக்களும் 24 மெகாபிக்சல்தான். அகலத்தில் 6000 புள்ளி, உயரத்தில் 4000 புள்ளி. 20 அங்குல அகலத்துக்கு அச்சடித்துச் சுவரில் மாட்டினாலும் கூர்மை குறையாது. அதனால் பெட்டியின் மேல் பெரிதாக அச்சடித்திருக்கும் அந்த எண்ணைப் பார்த்து எதையும் முடிவு செய்ய வேண்டாம்.

முதல் வேலை: உங்கள் போனைத் திறங்கள்

கடந்த ஆறு மாதத்தில் போனில் எடுத்த படங்களைப் பொறுமையாகப் பாருங்கள். நன்றாக வந்ததை விட்டுவிடுங்கள். எது சொதப்பியது, எதை எடுக்க ஆசைப்பட்டுக் கைவிட்டீர்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். தங்கை மகளின் சலங்கை பூஜையில் கைகள் எல்லாம் கலங்கிப்போய் வந்ததா? சிவ்ரி அல்லது நெருள் பக்கச் சேற்றுநிலத்தில் நின்ற பூநாரைக் கூட்டம் இளஞ்சிவப்புப் புள்ளிகளாக மட்டும் தெரிகிறதா? இல்லை, தாராவி 90 அடி சாலையிலும் மாட்டுங்கா மார்க்கெட்டிலும் தெருவை எடுத்த படங்கள்தான் நிறைய இருக்கிறதா?

அந்தத் தாள்தான் உங்கள் வாங்கும் பட்டியல்.

வீட்டு விசேஷம், நடனம், குழந்தைகள், கோவில் என்று வெளிச்சம் குறைந்த இடத்தில் மனிதர்களை எடுக்கப் போகிறீர்கள் என்றால் 50 எம்.எம். எஃப் 1.8 லென்ஸ் ஒன்று கண்டிப்பாக வேண்டும். எம்.எம். எண் கூடக் கூடக் காட்சி நெருங்கி வரும், எஃப் எண் குறையக் குறைய வெளிச்சம் நுழையும் துளை பெரிதாகும். நிக்கான் வாங்கினால் 35 எம்.எம். எஃப் 1.8 இன்னும் வசதி, ஏனென்றால் நம் வீட்டு ஹால்களில் 50 வைத்துக்கொண்டு பின்னால் நகர இடம் இருக்காது. கேமராவோடு வரும் 18-55 கிட் லென்ஸை 55 வரை நீட்டினால் அதன் துளை எஃப் 5.6க்குச் சுருங்கிவிடும். எஃப் 1.8 அதைப்போலக் கிட்டத்தட்டப் பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். எந்த பாடியை, அதாவது லென்ஸ் இல்லாத கேமராவை, மாற்றினாலும் இவ்வளவு பெரிய வித்தியாசம் கிடைக்காது.

பறவை என்றால் 55-250 அல்லது 70-300. இந்த வகை கேமராக்களில் படத்தைப் பதிக்கும் சென்சார், ஃபுல் ஃபிரேம் எனப்படும் 36-க்கு 24 மில்லிமீட்டர் சென்சாரைவிடச் சின்னது. இதை ஏ.பி.எஸ்.-சி என்பார்கள். கேனானில் 1.6, நிக்கானில் 1.5 மடங்கு நெருக்கமாகக் காட்டும். 250 எம்.எம். லென்ஸ் கேனானில் 400 போல நடந்துகொள்ளும். பறவைக்காரர்களுக்கு இது பெரிய உதவி. ஆனால் கை நடுக்கமும் அதே அளவு பெரிதாகும். ஷட்டர் வேகத்தை, அதாவது வெளிச்சத்தை உள்ளே விடும் கதவு திறந்திருக்கும் நேரத்தை, 1/400 நொடிக்கு மேல் நீள விடாதீர்கள்.

தெரு, கட்டடம், பயணம் என்றால் கிட் லென்ஸே ஒரு வருடத்துக்குப் போதும். அங்கே முக்கியம் எடைதான். லோக்கலில் காலை எட்டரை மணிக்கு தாதரில் ஏறி இறங்குகிறவர் கழுத்தில் ஒரு கிலோவைத் தொங்கவிட்டால், மூன்றாவது வாரம் கேமரா அலமாரிக்குப் போய்விடும். டி3500 பேட்டரி, கார்டு சேர்த்து 415 கிராம்தான். கேனான் 90டி போன்றவை 700 கிராம்.

டி.எஸ்.எல்.ஆர். இன்னும் வாங்கலாமா?

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கேனானும் நிக்கானும் 2018ல் மிரர்லெஸ், அதாவது உள்ளே கண்ணாடி இல்லாத கேமராக்களுக்காக ஆர்.எஃப்., இசட் என்ற புது மவுண்டுகளை (லென்ஸ் மாட்டும் வளையங்களை) கொண்டு வந்தன. 2020க்குப் பிறகு இரண்டு நிறுவனங்களும் புது டி.எஸ்.எல்.ஆர். மாடல் எதையும் வெளியிடவில்லை. புது லென்ஸ்கள் எல்லாம் அந்தப் பக்கம்தான் வருகின்றன. ஆறேழு வருடத்துக்குப் புதிது புதிதாக லென்ஸ் சேர்க்கப்போகிறேன், வீடியோதான் எனக்கு முக்கியம் என்பவர் மிரர்லெஸ் வாங்குவதே சரி.

பொழுதுபோக்காகக் கற்றுக்கொள்ள வருகிறவருக்கு நான் இன்னும் டி.எஸ்.எல்.ஆரைத்தான் சொல்வேன். காரணம் பணம். மிரர்லெஸ்ஸுக்கு மாறியவர்கள் விற்ற நல்ல பாடிகளும் லென்ஸ்களும் சந்தையில் நிறையக் கிடக்கின்றன. இரண்டாவது காரணம் பேட்டரி. கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டரில் திரை கிடையாது. லென்ஸ் வழியாக வரும் வெளிச்சத்தை 45 டிகிரி சாய்ந்த ஒரு கண்ணாடி மேலே திருப்பிவிடுகிறது, அதுதான் உங்கள் கண்ணுக்கு வருகிறது. ஷட்டரை அழுத்தும்போது அந்தக் கண்ணாடி எழும்பி வழிவிடும் சத்தம்தான் நாம் கேட்கும் 'டக்'. திரை எரியாததால் டி3500 ஒரு சார்ஜில் 1550 படம் வரை எடுக்கும் என்பது நிக்கானின் கணக்கு. கணபதி விசர்ஜன் அன்று காலையிலிருந்து இரவு வரை லால்பாகில் நிற்கிறவருக்கு இதன் அருமை தெரியும்.

பின்னால் மாற நினைத்தாலும் வாங்கிய லென்ஸ்கள் வீணாகாது. கேனான் டி.எஸ்.எல்.ஆருக்கான இ.எஃப். லென்ஸ்களை ஒரு அடாப்டர் போட்டு ஆர்.எஃப். கேமராவில் மாட்டலாம். நிக்கானுக்கு எஃப்.டி.இசட். அடாப்டர் இருக்கிறது.

கேனானா நிக்கானா என்பதை உங்கள் கை சொல்லட்டும்

வி.டி. (இன்றைய சி.எஸ்.எம்.டி.) ஸ்டேஷனில் இறங்கி ஃபோர்ட் பக்கம் நடந்தால் போரா பஜார் தெரு. சின்னச் சின்னதாக வரிசையாகக் கேமராக் கடைகள். ஞாயிற்றுக்கிழமையை விட்டுவிட்டு வார நாளில் மதியத்துக்கு முன்னால் போங்கள், கடைக்காரர் நிதானமாக எடுத்துக் காட்டுவார். முதல் நாள் பணம் எடுத்துப் போகாதீர்கள். பார்க்க மட்டும் போகிறீர்கள் என்று உங்களுக்கே சொல்லிக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு கேமராவையும் கையில் வாங்கிக் கண்ணருகே வைத்து இரண்டு நிமிடம் பிடியுங்கள். சுண்டுவிரல் கீழே தொங்குகிறதா? கட்டைவிரல் பின்பக்கப் பட்டன்களுக்குச் சிரமமில்லாமல் போகிறதா? கண்ணாடி போடுகிறவர் என்றால் வியூஃபைண்டரின் நான்கு மூலையும் தெரிகிறதா என்று பாருங்கள். அதன் பக்கத்திலேயே ஒரு சின்னத் திருகு இருக்கும், அதைத் திருப்பினால் உங்கள் பார்வைக்கு ஏற்பத் தெளிவாகும். கேனான் 3000டியில் இந்தத் திருகு கிடையாது. லென்ஸ் மாட்டும் வளையமும் அதில் பிளாஸ்டிக்தான். விலை குறைவு என்பதற்காக அதை வாங்க வேண்டாம், 1500டிக்கு ஏறிவிடுங்கள்.

நிக்கான் பக்கம் போகிறவர்கள் ஒன்றைக் கண்டிப்பாக நினைவில் வைக்க வேண்டும். டி3000, டி5000 வரிசை பாடிகளுக்குள் ஃபோகஸ் மோட்டார் இல்லை. ஏ.எஃப்.-எஸ். அல்லது ஏ.எஃப்.-பி. என்று எழுதிய லென்ஸ்தான் அவற்றில் தானாக ஃபோகஸ் ஆகும். பழைய 50 எம்.எம். 1.8டி மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கி வந்தால் கையால்தான் வளையத்தைத் திருப்ப வேண்டும். டி7200, டி7500 போன்றவற்றில் மோட்டார் உள்ளேயே இருக்கிறது. கேனானில் இந்தச் சிக்கலே இல்லை. 1987லிருந்து வந்த எந்த இ.எஃப். லென்ஸும் எந்தக் கேனான் டி.எஸ்.எல்.ஆரிலும் வேலை செய்யும்.

வீடியோவும் கொஞ்சம் எடுப்பேன் என்பவருக்கு 200டி மார்க் 2. அதன் திரை திரும்பும், தொட்டால் ஃபோகஸ் ஆகும், மைக் மாட்ட இடமும் உண்டு. 1500டியிலும் டி3500லும் மைக் மாட்டவே முடியாது.

பணத்தைப் பிரிக்கும் விதம்

கையில் இருக்கும் மொத்தத்தையும் பாடியில் போட்டுவிட்டு, பிறகு இரண்டு வருடம் கிட் லென்ஸை வைத்துக்கொண்டு 'படம் சரியா வரலையே' என்று வருந்துகிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். பாதிப் பணத்துக்கு பாடியும் கிட் லென்ஸும், கால் பங்குக்கு உங்கள் தாள் சொன்ன அந்த ஒரு லென்ஸ். மீதிக் கால் பங்கில் ஒரு கூடுதல் பேட்டரி, 64 ஜி.பி. எஸ்.டி. கார்டு இரண்டு, கழுத்தை அறுக்காத ஒரு பட்டை, மழை தாங்கும் பை, கேமராவை ஈரத்திலிருந்து காக்க ஒரு பெட்டி. கார்டை மட்டும் நடைபாதைக் கடையில் வாங்காதீர்கள். போலி கார்டு நன்றாக வேலை செய்வதுபோல இருந்துவிட்டு, ஒருநாள் முழுக் கல்யாணத்தையும் விழுங்கிவிடும்.

முடிவு செய்ய முடியவில்லை என்றால் வாடகைக்கு எடுத்துப் பாருங்கள். அந்தேரிப் பக்கம் சினிமாக்காரர்களுக்காகவே இந்தத் தொழில் நடக்கிறது, பொழுதுபோக்குக்காரர்களுக்கும் ஒரு நாள், இரண்டு நாளுக்குக் கொடுப்பார்கள். அடையாள அட்டையும் டெபாசிட்டும் கேட்பார்கள். ஒரு சனி-ஞாயிறு 70-300ஐத் தூக்கிக்கொண்டு அலைந்தால், அது உங்களுக்கான லென்ஸா என்று உங்கள் தோளே சொல்லிவிடும்.

புதிதாக வாங்கினால் ஜி.எஸ்.டி. பில் கேட்டு வாங்குங்கள். 'பில் இல்லாமல் குறைத்துத் தருகிறேன்' என்றால் அது பெரும்பாலும் கிரே மார்க்கெட் சரக்கு, அதாவது கம்பெனி வழியாக வராமல் வேறு வழியில் கொண்டுவந்தது, கம்பெனி வாரண்டி கிடைக்காது. பாடியின் அடியில் இருக்கும் சீரியல் எண், பெட்டி, பில், வாரண்டி அட்டை நான்கிலும் ஒன்றாக இருக்க வேண்டும். பணம் கொடுப்பதற்கு முன்னால், கடையிலேயே, எண் எண்ணாகப் படித்துச் சரிபாருங்கள்.

செகண்ட் ஹேண்ட் என்றால் அரை மணி நேரம் ஒதுக்குங்கள்

என்னைக் கேட்டால் முதல் கேமரா பழையதாக இருப்பதில் தவறே இல்லை. நல்ல நிலையில் உள்ள 80டியோ டி7200ஓ, புது 1500டியைவிட எவ்வளவோ மேல். இரண்டு டயல் இருக்கும், வியூஃபைண்டர் நூறு சதவீதக் காட்சியைக் காட்டும், ஃபோகஸ் புள்ளிகள் 1500டியில் ஒன்பதுதான் என்றால் இவற்றில் 45, 51. ஆனால் சோதிக்காமல் வாங்கக் கூடாது. இது எனக்கு நடந்ததை வைத்துச் சொல்கிறேன்.

சில வருடம் முன்பு ஒரு கடையில் பழைய 50 எம்.எம். லென்ஸ் வாங்கினேன். வெளியே புதிது போலப் பளபளவென்று இருந்தது. கடை வெளிச்சத்தில் முன்பக்கம் பார்த்தேன், ஒரு கீறல் இல்லை. வீட்டுக்கு வந்து இரவில் போன் டார்ச்சைப் பின்பக்கத்திலிருந்து அடித்தபோதுதான் உள் கண்ணாடியின் ஓரத்தில் சிலந்தி வலை மாதிரி மெல்லிய வெள்ளை நூல்கள் கிளை விட்டிருந்தது தெரிந்தது. பூஞ்சை. மறுநாள் போனால் 'மழைக்காலத்தில் உங்கள் வீட்டில் வந்திருக்கும்' என்றார்கள். ஒரே இரவில் எங்கேயாவது வருமா? திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை.

அதனால் டார்ச்சை எடுத்துக்கொண்டே போங்கள். லென்ஸைக் கழற்றி, துளையை முழுதாகத் திறந்து, பின்னாலிருந்து சாய்வாக வெளிச்சம் அடித்து முன்னாலிருந்து பாருங்கள். அப்புறம் திருப்பி முன்னாலிருந்து அடித்துப் பின்னாலிருந்து பாருங்கள். சில தூசித் துகள் இருந்தால் கவலை வேண்டாம், படத்தில் தெரியாது. நூல் போலவோ, மூச்சு விட்ட கண்ணாடி போலப் புகை மூட்டமாகவோ இருந்தால் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வைத்துவிட்டு வாருங்கள். ஜூம் வளையமும் ஃபோகஸ் வளையமும் கரகரவென்று மணல் அரைக்கும் சத்தம் இல்லாமல் திரும்ப வேண்டும். கடற்கரையில் பாடுபட்ட லென்ஸ் அந்தச் சத்தத்தில் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும்.

பாடிக்கு வருவோம். கேமராவை எஃப் 22ல் வைத்து, ஃபோகஸை வேண்டுமென்றே கலைத்து, வானத்தையோ வெள்ளைச் சுவரையோ ஒரு படம் எடுங்கள். திரையில் பெரிதாக்கி ஓரம் முதல் ஓரம் வரை நகர்த்திப் பாருங்கள். வட்டமான மங்கல் புள்ளிகள் சென்சார் தூசி, அதைச் சுத்தம் செய்துவிடலாம். கோடாக இருந்தால் கீறல், வேண்டாம். லென்ஸ் மூடியைப் போட்டபடி, ஷட்டர் சில நொடி திறந்திருக்கும்படி வைத்து ஒரு படமும் எடுங்கள். கருப்பில் அங்கங்கே சிவப்பு, நீலப் புள்ளி மின்னினால் அவை பழுதான பிக்சல்கள். ஒன்றிரண்டு இருந்தால் பரவாயில்லை.

அடுத்து ஷட்டர் கவுண்ட், அதாவது ஷட்டர் இதுவரை எத்தனை முறை இயங்கியிருக்கிறது என்ற கணக்கு. தொடக்க நிலை பாடிகளின் ஷட்டர் சுமார் ஒரு லட்சம் முறைக்குச் சோதிக்கப்பட்டது, டி7200 போன்றவை ஒன்றரை லட்சம். நிக்கானில் எடுத்த படத்தின் தகவலிலேயே இந்த எண் பதிவாகியிருக்கும், உடனே பார்த்துவிடலாம். கேனானுக்கு கேபிள் போட்டு மென்பொருளில்தான் பார்க்க முடியும், கடைக்காரரையே காட்டச் சொல்லுங்கள். 30,000க்குள் இருந்தால் நிம்மதியாக வாங்கலாம். எண் அதிகம் என்றால் கட்டாயம் விலை குறைய வேண்டும். பிடிமான ரப்பர் உப்பிக் கழன்றிருக்கிறதா, ஃபிளாஷ் எழும்புகிறதா, கார்டு மூடி இறுக்கமாக மூடுகிறதா, எல்லா பட்டனும் அழுந்துகிறதா என்பதையும் விடாமல் பாருங்கள்.

மும்பை மழைக்கு முன் ஒரு பெட்டி

கேமரா வாங்கிய அன்றே இந்தப் பெட்டியையும் வாங்கிவிடுங்கள், பிறகு என்று தள்ளிப்போட வேண்டாம். ஜூன் முதல் செப்டம்பர் வரை நம் ஊரில் செருப்பே பூஞ்சை பிடிக்கிறது. தோல் பையிலோ துணிப் பையிலோ கேமராவை வைத்து பீரோவுக்குள் மூடுவது பூஞ்சைக்கு வீடு கட்டிக் கொடுப்பது மாதிரி. காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் அது வளர ஆரம்பித்துவிடும். 40 முதல் 50 வரை இருப்பது லென்ஸுக்கு நல்லது.

உள்ளே ஈரத்தைக் குறைத்து வைக்கும் மின்சார டிரை கேபினட் வாங்க முடிந்தால் மிகவும் நல்லது. இல்லையென்றால் ரப்பர் வளையம் வைத்த, காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா ஒன்று, உள்ளே 200 கிராம் சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் ஒன்று போதும். சிலிக்கா ஜெல்லில் ஆரஞ்சு நிறத்தைக் கேட்டு வாங்குங்கள், ஈரம் குடித்ததும் பச்சையாகும். நீல நிறத்தில் கோபால்ட் குளோரைடு இருக்கும், அது உடம்புக்கு ஆகாது. நிறம் மாறியதும் அதற்கென்று ஒதுக்கிய பழைய சட்டியில் சின்னத் தீயில் சூடாக்கினால் பழைய நிறத்துக்கு வந்துவிடும். சமையல் பாத்திரத்தில் செய்யாதீர்கள். அந்துருண்டை, கற்பூரம் எதையும் உள்ளே போட வேண்டாம், அதன் ஆவி கண்ணாடியில் படியும்.

எவ்வளவு நல்ல பெட்டியாக இருந்தாலும் வாரம் ஒருமுறை கேமராவை வெளியே எடுத்துப் பத்துப் படமாவது எடுங்கள். ஏ.சி. லோக்கலிலிருந்தோ ஏ.சி. டாக்ஸியிலிருந்தோ இறங்கியதும் கேமராவை வெளியே எடுத்தால் கண்ணாடி முழுக்க நீர் பூத்துவிடும். பையை மூடியபடியே கால் மணி நேரம் விடுங்கள். மரைன் டிரைவில் மழைக்கால அலையை எடுத்துவிட்டு வந்தால், லேசாக நனைத்துப் பிழிந்த துணியால் பாடியைத் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். நாம் பேசிய தொடக்க நிலைக் கேமராக்களில் எதுவும் தண்ணீர் தாங்கும் விதத்தில் செய்யப்பட்டதில்லை.

வாங்கிய முதல் வாரம்

ஆட்டோ மோடை விட்டு வெளியே வாருங்கள். மோட் டயலை கேனானில் ஏ.வி., நிக்கானில் ஏ. என்ற எழுத்துக்குத் திருப்புங்கள். துளையை நீங்கள் வைப்பீர்கள், வேகத்தைக் கேமரா பார்த்துக்கொள்ளும். வெளிச்சத்துக்கான உணர்திறனைக் காட்டும் ஐ.எஸ்.ஓ.வை ஆட்டோவில் வைத்து உச்சத்தை 3200ல் நிறுத்துங்கள். ஃபோகஸ் புள்ளியை நடுவில் ஒன்று மட்டும் வையுங்கள். ராவும் (கேமரா திருத்தாத மூலப் பதிவு) ஜேபெக்கும் (சாதாரணப் படம்) சேர்ந்து பதிவாகட்டும். ராவை இப்போதைக்குத் தொட வேண்டாம், ஆறு மாதம் கழித்துத் திருத்தக் கற்றுக்கொண்டபின் அந்தப் பழைய படங்கள் கைகொடுக்கும்.

ரயில் நிலையத்துக்குள் பெரிய கேமராவைத் தூக்கினால் பாதுகாப்புப் படையினர் தடுக்கக்கூடும், அங்கே பழக வேண்டாம். காலை ஏழு மணிக்கு மாட்டுங்கா பூக்கடைகளுக்குப் போங்கள். "அக்கா, ஒரு படம் எடுத்துக்கட்டுமா?" என்று தமிழில் கேட்டால் பெரும்பாலும் சிரித்துக்கொண்டே தலையாட்டுவார்கள். எடுத்ததைத் திரையில் அவர்களுக்குக் காட்டுங்கள். பிறகு தாம்பாளத்தில் குவித்திருக்கும் மல்லியை நெருங்கிப்போய், ஃபிரேம் முழுக்க அதுவே இருக்கும்படி ஒரு படம் எடுத்துப் பாருங்கள். அழுக்கு வேட்டி மாதிரி சாம்பல் நிறத்தில் வரும். கேமரா பார்க்கும் எல்லாவற்றையும் நடுத்தர வெளிச்சத்துக்கு இழுக்கப் பார்க்கும், வெள்ளை என்று அதற்குத் தெரியாது. கூட்டல்-கழித்தல் குறி போட்ட பட்டனை அழுத்திக்கொண்டே டயலைக் கூட்டல் ஒன்றுக்குத் திருப்பி, மறுபடி எடுங்கள். இப்போது மல்லி வெள்ளையாக இருக்கும்.